நிற்கிற ஊரின் காசு

அன்புள்ள தம்பி,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால், அப்பா தாளெடுத்து எழுதுகிறாரே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திருக்கோகர்ணத்தில் நேற்று நல்ல மழை. மாடித் தொட்டியின் மூடியை நீ சொன்னபடி மாற்றிவிட்டேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ "சொல்லுங்கப்பா" என்றதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தப் பக்கத்துக்கு முன் மூன்று தாள்களைக் கிழித்திருக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் மருமகளுக்குப் பிரசவம். எங்கள் இருவரையும் ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் இருக்கச் சொல்லி நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். இரண்டு முறையும் நான், ரத்த அழுத்தம் இருப்பதால் டாக்டர் யோசிக்கச் சொல்கிறார் என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் நடங்கள் என்று மட்டும்தான் சொன்னார். அம்மாவுக்கு இது தெரியும். "நீங்க வராட்டிப் போங்க, நான் ஒத்தையில போறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் விமானம் மாறுகிற இடத்தில் அம்புக்குறி பார்த்து நடக்க அவளுக்கு வராது என்பதும், அந்த ஒரு வேலை எனக்கு வரும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே நான் போகாவிட்டால் அவளும் போக முடியாது. அவள் போகாவிட்டால் அந்தக் குளிரில் கைப்பிள்ளையோடு நீங்கள் இருவரும் தனியாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் பொய் சொன்னேன். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் நாங்கள் வந்த மறுநாள், நீ ஒரு கார்டை என் கையில் கொடுத்தாய். உன் கணக்கிலிருந்தே எனக்கென்று என் பெயர் போட்டு வாங்கிய கார்டு. "கடைக்குப் போனா இதையே நீட்டுங்கப்பா. யாராவது எடுத்து யூஸ் பண்ணினாக்கூட எனக்கு உடனே மெசேஜ் வந்துரும், அடுத்த நிமிஷம் பிளாக் பண்ணிருவேன். பயப்படாதீங்க" என்றாய். நான் அதை ஒரு உறையில் போட்டு, உறைமேல் தேதி எழுதி, பயணப் பெட்டியின் உள்பையில் வைத்தேன். மூன்று மாதமும் அது அங்கேயேதான் இருந்தது. உனக்கு ஒரு செய்தியும் வந்திருக்காது.

உன் காசில் உனக்கே காய்கறி வாங்கிப்போட்டு, அதை நான் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. ஓய்வூதியக்காரன், கையில் காசுள்ளவன் என்று ஒரு வீம்பு. அதைச் சிக்கனம் என்று எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டேன். என்னுடைய ஊர் வங்கிக் கார்டை எடுத்துக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்குக் கிளம்புவேன். உங்கள் தெருமுனையில், யாழ்ப்பாணத்து அம்மா நடத்துகிற மளிகைக் கடையின் சுவரை ஒட்டி ஒரு ஏ.டி.எம். பணப்பெட்டி நிற்குமே, எந்த வங்கியோடும் சேராமல் தனியாக, அதில் இருபது யூரோ எடுப்பேன். அந்த அம்மாவின் கடையில் பத்து யூரோவுக்குக் கீழே வாங்கினால் கார்டு வாங்க மாட்டார்கள். நானோ ஒருநாளும் பத்து யூரோவுக்கு வாங்கியதில்லை. ஒரு முருங்கைக்காய், கைப்பிடிக் கறிவேப்பிலை, கால் கிலோ வெண்டைக்காய். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் போய் அன்றன்றைக்கு வாங்கி வந்தவன், வாரம் ஒருமுறை வண்டி நிறைய வாங்குகிற ஊருக்கு வந்தும் அன்றன்றைக்கே வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்டைச் செருகி, ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, தொகையை அழுத்தியதும் ஒரு திரை வரும். இத்தனை ரூபாய் என்று நம் ஊர்க் காசிலேயே கணக்குப் போட்டுக் காட்டும். கீழே இரண்டு கட்டங்கள். ஏற்கிறேன், மறுக்கிறேன். ரூபாயைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. அதோடு, மறுக்கிறேன் என்பதை அழுத்தினால் பெட்டி கோபித்துக்கொண்டு கார்டை விழுங்கிவிடுமோ என்று பயம். முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவன். மறுக்கிறேன் என்று எந்த மேலதிகாரியிடமும் சொன்னதில்லை. ஒரு பெட்டியிடம் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு நாளும் ஏற்கிறேன் என்பதையே அழுத்தினேன். அந்த ஊரில் நின்றுகொண்டு ரூபாயில் கணக்குக் கேட்டால், மாற்று விலையை அவர்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பெட்டி ஒரு கட்டணம் எடுத்தது. இங்கே என் வங்கி வேறொரு கட்டணம் எடுத்தது. புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து எடை போட்டு, ஒன்றியம் முழுதும் என்ன விளையும் என்று சொன்னவன். இருபது யூரோ எடுக்க எவ்வளவு போகிறது என்று பார்க்கவில்லை. சீட்டை மட்டும் ஒழுங்காக மடித்து, மருமகள் தூக்கிப்போட இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன்.

அந்தக் காலைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடையில் வண்டியை எடுக்க ஒரு நாணயம் செருக வேண்டும், திருப்பி விட்டால் நாணயம் திரும்ப வரும். காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஒரு துளைக்குள் விட்டால் சீட்டு தரும், அந்தச் சீட்டைக் கொடுத்தால் காசு. பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டில்களையும் கேட்டு வாங்கிப் போய்ப் போட்டுக் காசை அவரிடமே கொடுத்தேன், அது உனக்குத் தெரியாது. பில் போடுகிற பெண்தான் பயமுறுத்துவாள். பொருளை அவள் தள்ளுகிற வேகத்துக்கு என்னால் பையில் அடுக்க முடியாது. பின்னால் வரிசை நிற்கும். எனக்கு வேர்த்து, தமிழில் "மன்னிச்சுக்கங்க" என்பேன். சில்லறை எண்ணத் தைரியம் வராமல் எப்போதும் நோட்டையே நீட்டுவேன். பர்ஸ் நாணயங்களால் கனத்துப்போகும். அப்போதெல்லாம் யாழ்ப்பாணத்து அம்மாவின் கடைக்குள் நுழைந்தால்தான் மூச்சு வரும்.

ஒருநாள் அந்த அம்மா கேட்டார்: "என்ன ஐயா, இண்டைக்கும் அந்தப் பெட்டியிலயோ காசு எடுத்தனீங்கள்?"

"ஆமாம்மா. பக்கத்துல இருக்கு, வசதியா இருக்கு."

"வசதி ஆருக்கு? அது ஒவ்வொரு முறையும் கழிச்சுப்போட்டெல்லோ தருது. நாங்கள் ஒருத்தரும் அதைத் தொடுறேல்ல. உங்களை மாதிரி வந்து போற ஆக்களுக்கெண்டுதான் வச்சிருக்கிறாங்கள்." என் கையிலிருந்த சீட்டை வாங்கி, எந்த வரி கட்டணம், எந்த வரி மாற்று விலை என்று விரல் வைத்துக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்கள் வாங்கிற முருங்கைக்காய விட அந்தப் பெட்டி உங்களிட்ட வாங்கிறது கூட. மகனிட்டக் கேளுங்கோவன், அவர் ஒரு வழி சொல்லுவார்தானே" என்றார்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ மாலையில் வந்து காலணியைக் கழற்றும்போது சொல்லலாம் என்று நின்றேன். நீ "என்னப்பா?" என்றாய். "ஒண்ணுமில்ல, இன்னைக்கு வெயில் நல்லா அடிச்சிச்சு" என்றேன். மறுநாளும் அதே பெட்டிக்குத்தான் போனேன். இப்போது தெரிந்தே போனேன். வேறு பெட்டி எங்கே என்று கேட்டால், இத்தனை நாள் எங்கே எடுத்தீர்கள் என்று நீ கேட்பாயே. அந்த அம்மா பார்க்கக் கூடாது என்று அரை மணி முன்னதாகப் போய், பெட்டியை உடம்பால் மறைத்து நின்று எடுத்தேன். அறுபத்தொன்பது வயதில் ஒருவன் தன் காசையே திருடனைப் போல எடுத்துக்கொண்டு நின்றான். மறுபடி வந்தால் மறுபடி அந்தப் பெட்டியின் முன் அப்படி நிற்க வேண்டும் என்ற கூச்சத்தில்தான் டாக்டரை இழுத்தேன்.

தம்பி, இது புதுப் பழக்கமில்லை. உன் ஆறாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? குடியரசு தின அணிவகுப்புக்கு வெள்ளை ஷூ கேட்டாய். நான், ஷூ போட்டால் கால் வேர்த்துப் புண்ணாகும், செருப்புத்தான் நல்லது, வாத்தியாரிடம் நான் சொல்கிறேன் என்றேன். அணிவகுப்பில் செருப்பு கூடாது என்றார்களாம், நீ வெறுங்காலோடு கடைசி வரிசையில் நின்று வந்தாய். நடந்தது வேறு. அந்த மாதம் விராலிமலை ஆபீஸிலிருந்து சம்பளத்தை மொத்தமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் கூட்டம் நெருக்கியது. திருக்கோகர்ணத்தில் இறங்கிப் பையைத் தொட்டால் ஒன்றும் இல்லை. அம்மாவிடம், சம்பளப் பட்டியலில் ஏதோ சிக்கல், அடுத்த மாதம் சேர்த்து வரும் என்றேன். அடுத்த மாதமும் சேர்த்து வரவில்லை என்பதை அவள் கேட்கவே இல்லை. அன்றைய தேவைக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கையில் வைத்துக்கொள்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதனால்தான் இங்கேயும் ஐந்நூறு ஐந்நூறாக எடுப்பேன், அங்கேயும் இருபது இருபதாக எடுத்தேன். யாரோ ஒருவன் ஒரு பஸ்ஸில் எடுத்தது ஒரு மாதச் சம்பளம்தான். அதை மறைக்கப் போய், அதற்குமேல் நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலத்தில், குளிருக்கேற்ற காலணி வாங்காமல் இங்கிருந்து கொண்டுபோன கேன்வாஸ் ஷூவிலேயே பனியில் நடந்ததாகச் சொன்னாய். ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன்ப்பா, வாங்க மனசு வரல என்றாய். நான் தொலைபேசியில் உன்னைப் பாராட்டினேன். என் பிள்ளை என்று பெருமைப்பட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடமும் சொன்னேன். அவள் போனைப் பிடுங்கி, "காலு வெறச்சுப்போயிட்டா ரூவாயத் தின்னுக்கிட்டு நடப்பியாடா? மொதல்ல போயி வாங்கு" என்று கத்தினாள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்த பிறகுதான் வாங்கினாய். அங்கே சம்பாதித்து அங்கே நடக்கிறவனுக்கு இங்கத்து விலை எதற்கு? இது எனக்கு அப்போது தோன்றவில்லை. போன வருடம் நீ என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் நடக்கிற ஷூ ஒன்றைக் காலில் மாட்டிவிட்டபோதும் தோன்றவில்லை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, மனதுக்குள் நூறால் பெருக்கி, கொஞ்சம் கழித்து, "கடிக்குதுப்பா" என்று கழற்றிவிட்டேன். அது கடிக்கவில்லை. என் வாழ்நாளில் காலுக்கு அத்தனை இதமாக எதையும் போட்டதில்லை. மூன்று மாதமும் சாக்ஸின் மேல் செருப்பு மாட்டிக்கொண்டு உன் தெருவில் நடந்தேன். யாழ்ப்பாணத்து அம்மா அதையும் ஒருநாள் பார்த்துவிட்டு, என் காலைப் பார்த்தபடியே மிச்சக் காசைக் கொடுத்தார்.

இனி போன வாரம் நடந்தது. பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் போவதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பெட்டியை மட்டும் இறக்கிக் கொடுத்தேன். உள்ளே அந்த பிஸ்கட் டப்பா இருந்தது. மூடி கழன்று சீட்டெல்லாம் தரையில் பரவியது.

"இதையுமா தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

"எதை?"

"இந்தச் சீட்டையெல்லாம். இதப் பாத்துட்டுத்தானே புள்ள ஒங்க பர்சுல காசு வச்சான்."

"யாரு வச்சது?"

"சரியாப் போச்சு. நகவெட்டியத் தேடுறேன்னு டப்பாவத் தொறந்தான். பாத்துட்டு அப்புடியே ஒக்காந்துட்டான். 'அம்மா, அப்பாக்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, சங்கடப்படுவாரு'ன்னான். நீங்க குளிக்கப் போற நேரத்துல தெனம் வச்சான். கடைசி மூணு வாரமும் அவன் காசுதான்."

"நான் தினமும் எண்ணுவேனே."

"எண்ணி? பர்சு என்ன கெணறா, எடுக்க எடுக்க ஊற? கணக்குப் படிச்சவரு பேசுற பேச்சா இது?"

எண்ணத்தான் செய்தேன், தம்பி. ஒவ்வொரு காலையும் எண்ணினேன். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. நேற்று எண்ணியதில் தவறிவிட்டேன், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பணம் கூடியிருக்கிறது என்றால் யாரோ வைத்திருக்க வேண்டும் என்ற சாதாரண முடிவுக்கு வராமல், என் மூளை குறைந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த மூன்று வாரத்தில் பெட்டிக்கு இரண்டே முறைதான் போனேன். அதனால்தான் ஒருநாள் சாப்பிடும்போது உன்னிடம், "இந்த ஊர்க் கடையெல்லாம் எனக்கு இப்பப் பழகிருச்சு. செலவு பாதியாக் கொறஞ்சிருச்சு பாரு" என்று சொன்னேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாப்பா, நல்லாப் பழகிட்டீங்க" என்றாய். மருமகள் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். அம்மாவுக்குப் புரையேறியது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கம் முதலில் வருகிறது. அது போனதும் சிரிப்பு வருகிறது. நேற்று தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். என்னைக் காப்பாற்ற ஒரு மேசையைச் சுற்றி மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் இழந்ததை உன்னிடம் மறைத்தேன். நீ கொடுத்ததை என்னிடம் மறைத்தாய். உன்னுடையது அன்பால் செய்தது, என்னுடையது பயத்தால் செய்தது. ஆனாலும் பழக்கம் ஒன்றுதான், அது என்னிடமிருந்து வந்ததுதான். பிறக்கப்போகிற பிள்ளைக்கு நிறம் வரட்டும், மூக்கு வரட்டும், இது வரவேண்டாம். ஷூ வாங்கக் காசில்லை என்றால் காசில்லை என்று சொல். பஸ்ஸில் பறிகொடுத்துவிட்டேன் என்றால் பறிகொடுத்துவிட்டேன் என்று சொல். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைத் தாங்கிக்கொள்வான். நீயும் தாங்கியிருப்பாய். கால் வேர்க்கும் என்று சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை நம்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த ஊரில் நின்றால் ரூபாய், அந்த ஊரில் நின்றால் யூரோ. எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்க் காசிலேயே வாங்கிவிட வேண்டும், பெட்டி வேறு கேட்டால் மறுக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள மூன்று மாதமும் ஒரு டப்பா நிறையச் சீட்டும் ஆயின. நீயும் மருமகளும் அந்த ஊரிலேயே நில்லுங்கள். குழந்தைக்கு வாங்குகிற எதையும் இங்கத்து விலையால் பெருக்காதீர்கள். நானும் பெருக்க மாட்டேன். இது கடினம், முருங்கைக்காயைப் பார்த்தால் கை தானாகக் கணக்குப் போடும், ஆனாலும் முயல்வேன்.

நேற்று அம்மாவோடு கீழ ராஜ வீதியில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். நடக்கிற ஷூ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை. உறையிலிருந்து உன் கார்டை எடுத்துக் காட்டி, இது செல்லுமா என்று கேட்டேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுக் கார்டுங்களா? எடுக்கும்ங்க. ரூவாயா, யூரோவான்னு மெசின் கேக்கும். நீங்க சொல்றத அழுத்துறேன்" என்றார். பதில் எனக்குத் தெரியும். அந்த ஒரு கேள்விக்கு இந்தப் புதுக்கோட்டையிலேயே என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படியும் கார்டை மறுபடி உறைக்குள் போட்டேன். உன் பணத்தில் எனக்கென்று ஒரு பொருள். "நாளைக்கு வாரேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அம்மா எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ் வந்ததும், "நாளைக்கும் நாளைக்குன்னீங்கன்னா, நானே அந்தக் கார்டை நீட்டி எனக்கு ரெண்டு ஜோடி வாங்கிக்குவேன். அதுல ஒங்க பேரு போட்டிருந்தா எனக்கென்ன" என்றாள். கடைக்காரர் அந்த ஷூவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

இதை முடித்ததும் அம்மா படமெடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். தாளையும் தபாலில் அனுப்புகிறேன், வைத்துக்கொள். டிக்கெட்டை இரண்டாகப் போட்டுவிடு. அந்த அம்புக்குறிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கைப்பிள்ளை வீட்டில் காய்கறி வாங்குகிற வேலையை எனக்கே விட்டுவிடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை, பத்து யூரோவுக்கு மேல்.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். உனக்கு அப்போது மதியமாக இருக்கும். போனில் ஒரு செய்தி வரும், புதுக்கோட்டையிலிருந்து, ஒரு செருப்புக் கடையின் பெயரோடு, ரூபாயில். பதறிப்போய்க் கார்டை முடக்கிவிடாதே.

அது நான்தான்.

அப்பா